நாவல் என்றாலே ஓடும் பிள்ளைகளும் அந்த முதல் முப்பது பக்கமும்

நாவல் ஒன்றைக் கையில் கொடுத்தால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தின் எண்ணைத்தான். "இருநூத்திப் பத்தா? வேற சின்னதா எதுவும் இல்லையா மிஸ்?" இந்தக் கேள்வி காதில் விழாத வருஷமே எனக்குக் கிடையாது. மொழிப்பாடம் எடுப்பவள் என்பதால் வாசிக்காத பிள்ளைகளை வாசிக்க வைக்கும் வேலை தானாகவே என் தலையில் விழுந்துவிடுகிறது, அதுவும் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகள் என்றால் கேட்கவே வேண்டாம். எட்டு வயதில் கதைப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளைகூட இந்தப் பருவத்துக்கு வந்ததும் "போர் மிஸ்" என்று ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடும்.

ஆனால் இவர்களுக்குக் கதை பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடைவேளையில் அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் நின்று கேட்டால் போதும். பார்த்த படம், ஆடிய கேம், பக்கத்து வகுப்பில் நடந்த சண்டை எல்லாவற்றையும் முன்கதை, திருப்பம், வில்லன் சகிதம் சொல்வார்கள், எங்கே நிறுத்தினால் எதிரில் இருப்பவன் துடிப்பான் என்றுகூடத் தெரிந்து வைத்திருப்பார்கள். இவர்களுக்கு ஆகாதது நாவலின் முதல் முப்பது பக்கம், அவ்வளவுதான். அதை யாராவது கூடவே வந்து தாண்ட வைத்துவிட்டால் நிறையப் பேர் மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். நான் வகுப்பில் செய்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

அந்த முப்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏழெட்டுப் பெயர்கள் வரும், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது, எந்த ஊர், எந்தக் காலம் என்று பிடிபடாது, கதையைச் சொல்வது யார் என்பதே சில நாவல்களில் பத்துப் பக்கம் கழித்துத்தான் புரியும். திரைப்படம் இதையெல்லாம் இரண்டு நிமிஷத்தில் கண்ணுக்குக் காட்டிவிடும். நாவலிலோ வாசிப்பவர்தான் இத்தனையையும் தலைக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். நமக்குப் பழக்கம் இருப்பதால் "போகப் போகப் புரியும்" என்று நம்பி நகர்கிறோம். அந்த நம்பிக்கை சும்மா வராது, நாலைந்து நாவலை முடித்தவர்களுக்குத்தான் வரும். ஒன்றைக்கூட முடிக்காத பிள்ளைக்கு ஒன்பதாம் பக்கத்தில் குழம்பினால், தனக்குத்தான் புரியவில்லை, தான்தான் மக்கு என்று தோன்றுகிறது. அதை வெளியில் சொல்ல முடியாது, அதனால் "போர்" என்று சொல்லிவிடுகிறது. வசதியான சொல்!

எல்லோருக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சரளமாகப் படிப்பார்கள், ஆனால் வேறு வேலை இருக்கிறது என்பவர்கள் ஒரு வகை. இவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, சரியான புத்தகம் ஒன்று கிடைத்தால் வந்துவிடுவார்கள். இன்னொரு வகை, படிப்பார்கள், ஆனால் மனதில் காட்சி விரியாது. வரிகள் வரிகளாகவே ஓடும். மூன்றாவது வகைதான் கவனிக்கப்படாமல் போவது. ஏழாம் வகுப்புக்கு வந்தும் உள்ளுக்குள் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கவனம் முழுக்க எழுத்தைச் சொல்லாக்குவதிலேயே செலவாகிவிடுவதால் வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும், பிறகு கதை எப்படி நிற்கும்? இந்தப் பிள்ளைகள் மறைப்பதில் கெட்டிக்காரர்கள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சரியான இடைவெளியில் பக்கம் திருப்புவார்கள். அருகில் உட்கார்ந்து ஒரு பத்தியை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும் (தனியாக, மற்றவர்கள் முன்னால் ஒருபோதும் வேண்டாம்). இவர்களுக்கு ஆர்வமூட்டும் பேச்சு உதவாது. கண் பரிசோதனை, டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கல் உண்டா என்று தெரிந்தவர்களிடம் காட்டுவது, தனிப் பயிற்சி இதெல்லாம்தான் உதவும். அதோடு, ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே அதே வரிகளைக் கண்ணால் தொடரச் செய்தால் கதையை இழக்காமல் பயிற்சியும் நடக்கும். ஒலிப்புத்தகம் கேட்பது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, முப்பது பக்கத்துக்கு வருகிறேன். என் முக்கியமான வழி ரொம்பப் பழசு: நானே சத்தமாக வாசித்துக் காட்டுவது. "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று பலர் நினைக்கிறார்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறார்கள். முதல் நாள் கொஞ்சம் கிசுகிசுப்பு இருக்கும்தான், பிறகு அடங்கிவிடும். இந்த வயதில் பல பிள்ளைகளால் தாங்களாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும், ஆகவே எழுத்து தடுக்கும் இடத்தில் குரல் தாண்ட வைத்துவிடும். யார் பேசுகிறார்கள் என்பது தொனியிலேயே தெரியும், எது கிண்டல், எது கோபம் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது, பெயர்கள் காதுக்குப் பழகிவிடும்.

வாசித்துக் காட்டும்போது சில விஷயங்களை விடாமல் செய்கிறேன். முதலாவது, முன்பே வீட்டில் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நீளமான வர்ணனைகளைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வேன், வகுப்பில் அவற்றைத் தாண்டிவிடுவேன். ஆசிரியர் எழுதியதை வெட்டலாமா என்று ஒரு சக ஆசிரியை என்னோடு சண்டை போட்டிருக்கிறார். கதை பிடித்துப்போனால் பிள்ளை தானே திரும்பிப் போய் அந்த வர்ணனையை வாசிக்கும், பிடிக்காவிட்டால் வெட்டாமல் வைத்திருந்தும் யாரும் வாசிக்கப் போவதில்லை என்பது என் கட்சி. இரண்டாவது, அருஞ்சொல்லுக்கெல்லாம் நிறுத்திப் பொருள் கேட்பதில்லை. தேவை என்றால் வாசிக்கும் போக்கிலேயே அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எளிய சொல் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். மூன்றாவது, கரும்பலகையின் ஓரத்தில் பாத்திரங்களின் பெயரும் உறவும் எழுதி வைத்திருப்பேன், புதிதாக ஆள் வந்தால் சேர்ப்பேன். இந்தச் சின்ன வேலை எத்தனை குழப்பத்தைத் தீர்க்கிறது என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை. அத்தியாயம் முடியும் இடம் பெரும்பாலும் நல்ல இடம் இல்லை, அங்கே ஒரு நிம்மதி வந்துவிடும். கதவு தட்டப்படும், யார் என்று தெரியும் முன் புத்தகத்தை மூடிவிட வேண்டும். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததுதானே, அதன் அத்தியாயங்கள் பல எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்தால் கல்கி வாசகரை அடுத்த வாரம்வரை எப்படிப் பிடித்து வைத்திருந்தார் என்பது விளங்கும். மணி அடித்ததும் "மிஸ், ஒரே ஒரு பக்கம்" என்று குரல் வரும். இரக்கப்படவே கூடாது! புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு "வேணும்னா எடுத்துட்டுப் போய்ப் படிங்க, ஆனா அடுத்து என்ன நடக்குதுன்னு மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். இரண்டு, மூன்று பிரதிகள் இருந்தால் இன்னும் நல்லது. ரகசியம் தெரிந்தவனுக்கு வகுப்பில் வரும் மவுசு இருக்கிறதே, அதற்காகவே அடுத்தவன் வாங்கிப் படிப்பான்.

இப்படி ஒரு நாவலின் தொடக்கத்தை மட்டும் வகுப்புக்கு வாசிப்பேன், முழுவதையும் அல்ல. அடுத்தது வேறொரு நாவலின் தொடக்கம். ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே புத்தகம் ஒட்டாது. இங்கேதான் தேர்வு என்ற விஷயம் வருகிறது.

பிள்ளை தானே எடுக்கும் புத்தகத்துக்கும் நாம் திணிக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் "நீயே எடுத்துக்கோ" என்று நூலக அலமாரி முன் விட்டுவிடுவதும் பயன்படாது. வாசிக்காத பிள்ளைக்கு நானூறு புத்தக முதுகுகள் ஒரே சுவராகத்தான் தெரியும். நான் ஐந்தாறு புத்தகத்தை மட்டும் எடுத்து, அட்டை தெரியும்படி மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் கொடுப்பேன்: முதல் பக்கத்தை வாசி, நடுவில் எங்காவது ஒரு பக்கத்தை வாசி, பிறகு அடுத்தவருக்கு நகர்த்து. சுற்று முடிந்ததும் எது வேண்டும் என்று கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அது கடினமான புத்தகம் என்று விரல் மடக்கிப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு, அதையும் சொல்லிக் கொடுப்பேன், ஆனால் விதியாக வைப்பதில்லை. ஒரு விஷயத்தில் பைத்தியமாக இருக்கும் பிள்ளை அந்த ஐந்தையும் மிதித்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரமும் உண்டு. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள், படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எனக்கு இதிலிருந்து கிடைத்தது, "இவன் எந்த மட்டத்தில் வாசிக்கிறான்?" என்பதைவிட "இவனுக்கு எதைப் பற்றி ரொம்பத் தெரியும்?" என்று கேட்பது லாபம். கால்பந்தா, நாயா, பேயா, குதிரையா, விண்வெளியா? அந்த உலகத்தில் நடக்கும் நாவலைக் கொடுத்தால் முதல் முப்பது பக்கத்தின் பாதிச் சுமை ஏற்கெனவே அவன் தலையிலிருந்து இறங்கியிருக்கும். எப்போதும் மைதானத்திலேயே கிடக்கும் ஒரு பையன், பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட அரை மணி நேரம் எடுப்பவன், ஓட்டப்பந்தயத்தை மையமாக வைத்த ஒரு நாவலில் பயிற்சியாளர் சொல்வது தப்பு என்று என்னிடம் வாதாட வந்தான். அந்த வாதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை, அவன்தான் ஆசிரியர், நான் மாணவி. அவன் நாவலை முடித்துவிட்டான் என்பது அப்போது இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை.

பக்கத்தின் தோற்றத்தையும் கவனியுங்கள். சின்ன எழுத்து, நெருக்கமான வரி, பத்தி பிரியாமல் பக்கம் முழுக்கக் கறுப்பு என்றால் தயங்கும் பிள்ளை திறந்த வேகத்தில் மூடிவிடும். உரையாடல் அதிகம், அத்தியாயம் நாலைந்து பக்கம், வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் உள்ள பதிப்பு எது என்று பார்த்து எடுப்பது அற்ப விஷயம் இல்லை. கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல்களும் படக்கதை நாவல்களும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசல். பக்கம் வேகமாகத் திரும்பும், "நான் நூறு பக்கம் படிச்சுட்டேன்" என்ற நினைப்பே அடுத்த நூறுக்கு இழுத்துக்கொண்டு போகும். படக்கதை எல்லாம் நாவலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் 1922 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தரப்படும் நியூபெரி பதக்கம் 2015இல் கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களைப் பற்றிக் கவிதை வடிவில் வந்த 'தி கிராஸ்ஓவர்' நாவலுக்கும், 2020இல் 'நியூ கிட்' என்ற படக்கதை நாவலுக்கும் கிடைத்தது. இரண்டுமே இந்த வயதுப் பிள்ளைகளின் கதைகள்தான்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட அனுமதி உண்டா? உண்டு, கூச்சமே இல்லாமல். ஆசிரியராக வேலை பார்த்த பிரெஞ்சு நாவலாசிரியர் தானியேல் பென்னாக் 1992இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று பட்டியல் போட்டார். வாசிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, இவைதான் அதில் முதல் மூன்று. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு சந்தேகம் வரும், மிஸ் ஏதோ பொறி வைக்கிறார் என்று. நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: முப்பது பக்கம்வரை போ, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடு, ஏன் விட்டாய் என்று ஒரு வரி சொல்லு. "யாருமே சிரிக்க மாட்டேங்கறாங்க", "அந்த அண்ணன் ரொம்ப நல்லவனா இருக்கான், நம்ப முடியல" என்றெல்லாம் சொல்வார்கள். நல்ல விமர்சனங்கள் இவை! அடுத்து எந்தப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பரிசு, நட்சத்திரம், அதிகம் படித்தவர் பட்டியல், இந்தப் பக்கமே நான் போவதில்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். வாசிப்பில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும் மெல்லிய புத்தகமாகத் தேடி எடுப்பார்கள், கேட்டால் கதை ஞாபகம் இருக்காது. பட்டியலில் கடைசியில் இருக்கும் பெயர் எப்போதும் அதே மூன்றாம் வகைப் பிள்ளையுடையதாகத்தான் இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்விகள். "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்று கேட்டால் அந்த நாவல் அப்போதே பாடப்புத்தகம் ஆகிவிடும். கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதும் அப்படித்தான், இணையத்தில் எடுத்து எழுதிக் கொடுப்பார்கள், நாமும் திருத்திக் கொடுப்போம், ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டது மிச்சம். நான் கேட்பது: யார் மேல உனக்கு எரிச்சல் வந்துச்சு? எந்த இடத்துல நீயா இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்ப? எதை அவங்க மறைக்கிறாங்கன்னு நினைக்கிற? இதற்கெல்லாம் தப்பான பதில் கிடையாது, ஆனால் வாசிக்காமல் பதில் சொல்லவும் முடியாது. எழுத வேண்டும் என்றால், முடித்த புத்தகத்தின் முன்னட்டை உள்பக்கத்தில் ஒட்டிய தாளில் அடுத்து எடுப்பவருக்கு இரண்டு வரி எழுதச் சொல்வேன். "முதல் அத்தியாயம் மெதுவா போகும், பாட்டி வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ." நான் மணிக்கணக்காகப் பேசினாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது, வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் எழுதியது என்றால் கேட்கவே வேண்டாம்.

நேரம் ஒதுக்காமல் இதில் எதுவும் நடக்காது. வீட்டில் படித்துக்கொள் என்றால் நடக்காது, வீட்டில் போன் இருக்கிறது. வகுப்பின் தொடக்கத்தில் பதினைந்து நிமிஷம், எல்லோரும் அவரவர் புத்தகம், பேச்சு இல்லை. அந்த நேரத்தில் நானும் வாசிப்பேன். நோட்டுத் திருத்த மாட்டேன், வருகைப்பதிவு பார்க்க மாட்டேன். டீச்சர் வேறு வேலை செய்தால், பெரியவர்களுக்கு வேலை வந்தால் விட்டுவிடலாம் போல என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடும். தொடக்கத்தில் பதினைந்து கூட அதிகம்தான், சிலர் ஜன்னலைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டு எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எட்டிப் பார்ப்பதும் வாசிப்பின் தொடக்கம்தான்.

பெற்றோரிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். இன்றைக்கு எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள். நாவலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "பாடம் முடிச்சியா?" என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அது வாய்தவறி வரும் கேள்விதான், ஆனால் கதைப் புத்தகம் என்றால் நேர விரயம் என்று பிள்ளை காதில் விழும். முடிந்தால் அதே புத்தகத்தை நீங்களும் வாசியுங்கள், பிள்ளையைவிட ஒரு அத்தியாயம் பின்தங்கியே இருங்கள். முன்னால் போனவருக்குச் சொல்லிக் காட்ட ஆள் வேண்டும் அல்லவா.

இப்படிச் செய்தால் எல்லோரும் வாசகர்கள் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். ஒரே நாவலை வருஷம் முழுக்க வைத்திருந்து இரண்டு தடவை படித்துவிட்டு வேறு எதையும் தொடாத பெண் இருந்தாள், அது போதும் என்று விட்டேன். எதுவுமே ஒட்டாமல் போனவர்களும் உண்டு. நான் கவலைப்படுவது முதல் நாவலை முடித்துவிட்டு நிற்கும் பிள்ளையைப் பற்றித்தான், ஏனென்றால் அந்த இடத்தில்தான் நிறையப் பேர் நழுவிவிடுகிறார்கள். முடித்த மகிழ்ச்சியில் இருக்கும்போதே அடுத்தது கைக்கு வர வேண்டும், நாலு நாள் இடைவெளி விட்டால் பழையபடி கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் பிள்ளை கடைசி ஐம்பது பக்கத்துக்கு வரும்போதே நான் அடுத்ததைத் தேடி எடுத்து வைத்துவிடுவேன். தொடர் வரிசையாக வரும் நாவல் என்றால் இரண்டாம் பாகத்தைத் தேடுவதோடு வேலை முடிந்தது, ஆட்களும் ஊரும் ஏற்கெனவே பழக்கம், அந்த முப்பது பக்கத் தொல்லையே இருக்காது. தொடர் இல்லை என்றால் அதே ஆசிரியர், அதுவும் இல்லை என்றால் அதே மாதிரி ஆட்கள் வரும் கதை. விடுமுறைக்கு முந்தின நாள் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கே வைக்காமல் மூன்று, நான்கு என்று அள்ளிக் கொடுத்துவிடுங்கள். சில புத்தகங்கள் திரும்பி வராது. நூலகப் பதிவேட்டில் அதை எப்படிக் காட்டுவது என்று மட்டும் முன்கூட்டியே நூலகரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.